கியர் விழேக்கை நோகுதோ

எனக்கு ஒழுங்காக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. ஒரு வரியை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவதற்குள் சொல்ல வந்தது கலைந்துவிடும். எழுத்துப் பிழையும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். மறதியும் எனக்கு உண்டு. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறப்பேன், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு தேடுவேன். ஆனால் வீட்டில் சொல்கிற அளவுக்கு மறதி இல்லை. இங்கே எழுதுவது ஒரு வானின் கியரைப் பற்றியும் என் நாரியை, அதாவது இடுப்புக்கு மேலே உள்ள அடிமுதுகைப் பற்றியும். இரண்டும் எனக்கு நல்ல ஞாபகம்.

நான் கலியாணம் கட்டவில்லை. உரும்பிராயில் அக்காவின் வீட்டில் இருக்கிறேன். அக்கா, அக்காவின் மகன், அவனுடைய மனைவி, நான். அவன் என்னை ஆசையம்மா என்று கூப்பிடுவான். தாயின் தங்கையை எங்கள் பக்கத்தில் அப்படிக் கூப்பிடுவது வழக்கம். அக்கா என்னை எப்போதும் உவள் என்றுதான் சொல்வாள், நான் முன்னால் நின்றாலும். பிற ஆட்களுக்கு முன்னால் எனக்கு வாய் திறக்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

அக்காவின் மகனுக்கு ஒரு வான் இருக்கிறது. ஓட்டோ கியர் வான். அதாவது கியரைக் கையால் மாற்றத் தேவையில்லை. வேகம் கூடக் கூட அதுவே ஒன்றிலிருந்து இரண்டுக்கும், இரண்டிலிருந்து மூன்றுக்கும் தாவும். வாங்கிய புதிதில் அது தாவுவதே தெரியாது. கோயிலுக்குப் போகும்போது மடியில் தேங்காய்த் தட்டத்தை வைத்திருப்பேன், ஒரு பூக்கூட உருளாது.

பிறகு அவன் அந்த வானில் வெங்காயமும் பீற்றூட்டும் ஏற்றித் தம்புள்ளைச் சந்தைக்கு ஓடத் தொடங்கினான். பாரத்தோடு போனால் கியர் வழுக்குகிறது என்றான். அச்சுவேலியில் கராஜ் வைத்திருக்கிற அவனுடைய கூட்டாளி ஒருவன் கியர்ப்பெட்டியைக் கழற்றி, உள்ளே இருந்த மெல்லிய ஸ்பிரிங்குகளை எடுத்துவிட்டுக் கடும் ஸ்பிரிங் போட்டான். ஒயில் போகிற துளைகளையும் துறப்பணத்தால் பெரிதாக்கினானாம். அன்றிலிருந்து அந்த வானில் ஒவ்வொரு கியர் விழும்போதும் முதுகில் ஒரு கிடாய் முட்டுவது போல இருக்கும். அவனுக்கு அது பெருமை.

"இதுதான் கியர். விழுந்தால் விழுந்தது தெரியோணும்" என்பான். சந்திக் கடைக்கு முன்னால் வேண்டுமென்றே மிதித்து, வான் உதைத்துக்கொண்டு பாய்வதைக் காட்டுவான்.

எனக்கு நாரியில் முன்பே நோ இருந்தது. கிணற்றில் அள்ளி அள்ளி வந்த நோ. ஆனால் நிமிர்ந்துதான் நடப்பேன். இதை நான் முக்கியமாக எழுத வேண்டும். அந்த மாதம் வரைக்கும் நான் நிமிர்ந்து நடந்தவள்.

அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்தது. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் இரும்பு வைத்துப் பூட்டினார்கள். வீட்டுக்கு விடுகிற நாள் கிட்டியபோது, கொண்டுபோகிற வாகனத்தில் குலுக்கல் இருக்கக் கூடாது, உதறல் இருக்கக் கூடாது, சரிவாகச் சாய்த்துப் படுக்க வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

"ஆஸ்பத்திரிக்குக் கிட்ட நிக்கிற வான் ஒண்டை வாடகைக்குப் பிடிப்பம்" என்றாள் மருமகள்.

"என்ரை வாசலிலை வான் நிக்குது. என்ரை தாயை நான் வாடகை வானிலை கொண்டுவந்து இறக்கிறதோ? ஊர் என்ன சொல்லும்?"

"ஊர் சொல்லுறது இருக்கட்டும். உங்கடை வானிலை ஏத்தினால் மாமியின்ரை இடுப்பு திரும்பக் கழண்டுபோம்."

"உதைப்பைக் குறைச்சால் சரிதானே. கேபிளைத் தளர்த்தினால் முடிஞ்சுது."

கேபிள் என்பது என்னவென்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. அக்சிலேற்றரிலிருந்து கியர்ப்பெட்டிக்கு ஒரு கம்பிக் கயிறு போகிறது. அதை இறுக்கினால் உள்ளே ஒயிலின் அழுத்தம் கூடிக் கியர் உதைத்து விழும். தளர்த்தினால் மெத்தென்று விழும். கண்டபடி தளர்த்தினால் உள்ளே இருக்கிற தட்டுகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடிக்காமல் வழுக்கி எரிந்துபோகும். போட்ட கடும் ஸ்பிரிங்குகளைத் திரும்பக் கழற்றுவது பெரிய வேலை. கேபிளைத் திருகுவது சின்ன வேலை. அவர்கள் சின்ன வேலையைப் பிடித்தார்கள்.

எவ்வளவு தளர்த்துவது என்று பார்க்க முதலில் பின் சீற்றில் ஒரு செம்பு தண்ணீர் வைத்து ஓடினார்கள். தண்ணீர் தளும்பினால் கியர் இன்னும் உதைக்கிறது என்று கணக்கு. முதல் ஓட்டத்திலேயே செம்பு குப்புற விழுந்து சீற் உறையெல்லாம் நனைந்தது. மருமகள் கத்தினாள். உறை வெல்வெட், அவள் தைப்பித்தது.

அன்று பின்னேரம் ஆஸ்பத்திரியில் இருந்து அக்கா போன் எடுத்தாள். அவன் போனைச் சத்தமாகப் போட்டு முற்றத்தில் வைத்தபடி தாய்க்குச் செம்புக் கதையைச் சொன்னான். நான் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தேன். அக்காவின் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"செம்பு என்னத்துக்கு? உங்கை ஒருத்தி எந்த நேரமும் நாரி நாரி எண்டு முகத்தைச் சுழிச்சுக்கொண்டு திரியிறாளே, உவளை ஏத்தி ஓடிப் பார். உவளுக்கு நோகாட்டி எனக்கும் நோகாது."

மருமகள் சிரித்தாள். "ஓம் மாமி, சீற்றும் நனையாது."

நான் நாரி நாரி என்று ஒருநாளும் சொன்னதில்லை. முகத்தைச் சுழித்திருப்பேன்.

அடுத்த நாள் காலை அவனும் கூட்டாளியும் முன்னால் இருந்தார்கள். நான் பின் சீற்றில். கோப்பாய்க்குப் போய், அங்கிருந்து நீர்வேலிப் பக்கம் ஏறினோம். வாழைத்தோட்டத்துக்கு இடையில் ஓடுகிற அந்த வீதியில் காலையில் அவ்வளவு வாகனம் இல்லை. முதலாவது உதை விழுந்தது. நாரியில் இருந்து கழுத்து வரைக்கும் ஏறியது. நான் உதட்டைக் கடித்தேன்.

"நோகுதோ ஆசையம்மா?"

"இல்லை மோனை."

வானை ஓரத்தில் நிறுத்தி, மூடியைத் திறந்து, கேபிளின் மரையைக் கொஞ்சம் திருகினார்கள். திரும்ப ஓடினோம். திரும்ப உதை.

"இப்ப?"

"இல்லை."

கூட்டாளி திரும்பி என்னைப் பார்த்தான். "மச்சான், உது பழுதான மீற்றர். முள்ளு அசையுதில்லை."

"தட்டிப் பார்" என்றான் இவன். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

பிற ஆம்பிளைக்கு முன்னால் இருந்துகொண்டு என் நாரி நோகிறது என்று எப்படிச் சொல்வது? அதுவும் அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்போது. நோகிறதா என்று அவர்கள் கேட்டது எனக்காக இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் சமைக்கப் போன என்னை அக்காவின் மகன் குசினி வாசலில் மறித்தான்.

"ஆசையம்மா, உள்ளதைச் சொல்லுங்கோ. ஒழுங்காச் சொன்னியள் எண்டால், அம்மாவைக் கொண்டுவந்து இறக்கின கையோடை உங்களையும் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் நாரியைக் காட்டுறன். எக்ஸ்ரே படம் எடுத்துப் பாப்பம். சத்தியம்."

அவன் தன் தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணினான். என் நாரியைப் பற்றி அந்த வீட்டில் ஒருவர் அப்படிக் கதைத்தது அதுதான் முதல் தடவை. எனக்குக் கண் கலங்கியது. இனி உள்ளதைச் சொல்வதென்று முடிவு செய்தேன்.

மறுநாள் வானின் பின்சீற்றுகளைக் கழற்றிவிட்டுத் தரையில் மெத்தை போட்டிருந்தார்கள். அக்கா வரும்போது எப்படிப் படுப்பாளோ அப்படியே என்னைப் படுக்கச் சொன்னார்கள். சீற் பூட்டுகிற இரும்புத் தண்டுகள் தரையில் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தன. மெத்தை அவற்றுக்கு நடுவில் கிடந்தது, அவற்றை மூடவில்லை.

நான் ஏறி ஒரு பக்கமாகச் சரிந்தேன்.

"அப்பிடி இல்லை ஆச்சி. நேரா. கையை நெஞ்சிலை வையுங்கோ" என்றான் கூட்டாளி. "ஆ, உப்பிடித்தான். பிரேதம் மாதிரி. ரெண்டு பூமாலையும் போட்டால் முடிஞ்சுது."

"செலவைக் குறைச்சுப்போட்டாய்" என்றான் அக்காவின் மகன். "ஒத்திகை எண்டு வைப்பம்."

கூட்டாளி போனை எடுத்து என்னைப் படம் பிடிக்கத் தொடங்கினான். வான் ஓடுவதும் நான் படுத்திருப்பதும் வீடியோவாக வர வேண்டுமாம். கராஜுக்கு வருகிறவர்களுக்குக் காட்டப் போகிறானாம்.

கோப்பாய்ச் சந்தி தாண்டியதும் என் சேலை முழங்காலுக்கு மேல் ஏறிக் கிடப்பது தெரிந்தது. போன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. இழுத்துவிடலாம் என்று ஒரு முழங்காலில் ஊன்றி எழும்பினேன். எழும்புவதைக் கூட்டாளி கண்டான். முன்னால் திரும்பி ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. ஆனால் அக்காவின் மகன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். அதன் பிறகுதான் மிதித்தான்.

வான் உறுமிக்கொண்டு எடுத்தது. இரண்டாம் கியர் விழுந்தது. நான் பின்னால் எறிபட்டு, அந்த இரும்புத் தண்டில் குந்தினபடி விழுந்தேன். உள்ளே ஏதோ ஒன்று பச்சைப் பூவரசந்தடி முறிகிற மாதிரிச் சத்தம் போட்டது. சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். நான் கத்தினேன். அப்படிக் கத்துவேன் என்று எனக்கே தெரியாது.

"ஆ! மீற்றர் வேலை செய்யுது!" என்று கூட்டாளி கைதட்டினான்.

"நோகுதோ ஆசையம்மா?"

"நோகுது மோனை. நோகுது."

"பாத்தியோ, இப்பதான் வாய் திறந்தது. வா, தளர்த்துவம்."

தளர்த்தினார்கள். திரும்ப ஓடினார்கள். இப்போது கியர் மெதுவாகத்தான் விழுந்தது, அது எனக்கும் தெரிந்தது. ஆனால் என் நாரியில் கத்தி நின்றுகொண்டிருந்தது. வான் ஓடினாலும் நோ, நின்றாலும் நோ, மூச்சு எடுத்தாலும் நோ.

"இப்ப நோகுதோ?"

"நோகுது."

உள்ளதைச் சொல்லச் சொன்னான், உள்ளதைச் சொன்னேன். அவர்கள் இன்னும் தளர்த்தினார்கள். ஓடினார்கள். கேட்டார்கள். நான் நோகுது என்றேன். எங்கே நோகிறது, எதனால் நோகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் விழுந்ததால் நோகிறது என்று தனியாகச் சொல்லவில்லை. நான் விழுந்ததை அவன் கண்ணாடியில் கண்டவன், மற்றவன் போனில் பிடித்தவன். கண்டவர்களுக்கு எதைச் சொல்வது?

ஒரு கட்டத்தில் கூட்டாளிக்கே பயம் வந்துவிட்டது. "மச்சான், இதுக்கு மேலை தளர்த்தினால் தட்டு எரியும். கியர் விழுறதே தெரியேல்லை. உந்த ஆச்சிக்குப் பகிடி."

"ஒரு ஓட்டம்தானே. அம்மாவைக் கொண்டுவந்திட்டுத் திரும்ப இறுக்குவம். இப்ப நோகுதோ ஆசையம்மா?"

"நோகுது."

"மரை முடிஞ்சுது" என்றான் கூட்டாளி, குனிந்து நின்றபடி. "இனித் தளர்த்த ஒண்டும் இல்லை."

"சரி, அப்ப நோகாது. இனி நோகுதெண்டால் அது வாய் நோகுது."

வீட்டு வாசலில் என்னை இறக்கிவிட்டார்கள். என்னால் நிமிர முடியவில்லை. வானின் கதவைப் பிடித்துக்கொண்டு, கூன் விழுந்தபடியே நின்றேன். மருமகள் வந்து பார்த்தாள்.

"என்ன சின்ன மாமி, ஏதோ விழுந்ததைத் தேடுறியளோ?"

அன்று பின்னேரமே என்னுடைய வீடியோ அவளுடைய போனுக்கும் வந்துவிட்டது. அரியாலையில் இருக்கிற அவளுடைய சகோதரிகளுக்கும் போனது. குசினிக்குள் நின்ற எனக்கு விறாந்தையில் என் குரல் கேட்டது. நான் கத்துகிறேன், பிறகு கைதட்டு, பிறகு மீற்றர் வேலை செய்யுது. திரும்ப நான் கத்துகிறேன். திரும்பக் கைதட்டு. போட்டுப் போட்டுச் சிரித்தார்கள். வெளிநாட்டில் இருந்தும் யாரோ சிரித்து அனுப்பியிருந்தார்களாம்.

அக்காவைக் கொண்டுவருகிற நாள் என்னையும் ஏற்றினார்கள். அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டு இருப்பதற்கு ஆள் வேண்டும். நான் ஏலாது என்றேன். "நாரியைக் காட்டவும்தானே போறியள்" என்றான். அதனால் ஏறினேன்.

போனால், அங்கே ஒரே சனம். இன்றைக்கு வெளிநோயாளர் பக்கம் போனால் நேரம் போய்விடும், அம்மாவைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவோம் என்றான். நான் தலையாட்டினேன்.

அக்கா பாரமான மனுசி. அவளை மெத்தையில் சாய்த்தார்கள். தலைமாட்டில் மருமகள். முன்னால் அவனும் கூட்டாளியும். ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்த வாளி, கூடை, தலையணை, சக்கரம் பூட்டின கழிப்பறைக் கதிரை, வந்து பார்த்தவர்கள் கொடுத்த பால்மா ரின்கள், எல்லாம் என் மேல் அடுக்கியிருந்தது. சோதித்து ஓடின நாளெல்லாம் வானுக்குள் பின்னால் இருந்தது நான் ஒருத்திதான். என்னைத் தராசில் வைத்தால் ஒரு கடகப்பெட்டி வெங்காயம்கூட வராது. இதை அப்போது ஒருவரும் யோசிக்கவில்லை.

வான் எடுத்தது. ஒரு உதைப்பும் இல்லை. பலாலி வீதியில் வழுக்கிக்கொண்டு போனது.

"பூப்போலை போகுதடா மோனை!" என்றாள் அக்கா. "பாத்தியோடி, பெத்தால் இப்பிடி ஒண்டைப் பெறோணும். உனக்கெங்கை விளங்கப் போகுது."

அவள் என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். நான் அவளுடைய காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வழியில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தை வந்தது. காலைச் சந்தை முடியாத நேரம். நின்று, எடுத்து, நின்று, எடுத்து. ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் இயந்திரம் மேலே மேலே கத்தியது, வான் மட்டும் பின்னால் வராத மாடு போல நின்று நின்று வந்தது. பிறகு கத்தல் மட்டும்தான் இருந்தது. வான் அசையவில்லை. எரிந்த ஒயில் மணம் உள்ளே ஏறியது.

"தட்டு எரிஞ்சு போட்டுது" என்றான் கூட்டாளி மெல்லமாக.

"வாயைப் பொத்து" என்றான் அக்காவின் மகன்.

வெயில் வானின் தகட்டில் கொதித்தது. பின்னால் வந்தவர்கள் ஹோர்ண் அடித்தார்கள். சந்தைக்கு வந்தவர்கள் கண்ணாடியில் முகத்தை வைத்து உள்ளே பார்த்தார்கள். ஒருவர் "பிரேதமோ?" என்று கேட்டார். அக்கா அதைக் கேட்டுவிட்டாள். அவள் அந்த மனுசனுடைய ஏழு தலைமுறையையும் இழுத்துப் பேசினாள்.

முச்சக்கர ஓட்டோவுக்குள் காலை நீட்டி இருக்க முடியாது. வேறு வான் வரும்வரைக்கும் பொறுக்க அக்காவுக்கு மனமில்லை. மரக்கறி இறக்கிவிட்டு வெறும் பெட்டியோடு நின்ற லாண்ட்மாஸ்ரர் ஒன்றை யாரோ பிடித்துக் கொடுத்தார்கள். தோட்டத்தில் உழுகிற அந்தச் சின்ன இயந்திரத்துக்குப் பின்னால் ஒரு மரப்பெட்டி பூட்டியிருக்கும், அவ்வளவுதான். மெத்தையோடு அக்காவைத் தூக்கி அந்தப் பெட்டியில் வைத்தார்கள். அதில் முட்டைக்கோவா இலை ஒட்டிக் கிடந்தது. மருமகள் வெட்கத்தில் குடையால் தன் முகத்தை மறைத்துக்கொண்டு ஓட்டோவில் போய்விட்டாள். அக்காவோடு என்னை ஏற்றினார்கள்.

திருநெல்வேலியிலிருந்து உரும்பிராய்க்குத் தூரம் அதிகமில்லை. ஆனால் அந்தப் பெட்டியில் ஸ்பிரிங் என்று ஒன்று கிடையாது. தடக்குத் தடக்கென்று இரண்டு பேருடைய எலும்பும் ஆடியது. அக்கா ஒவ்வொரு குழிக்கும் கத்தினாள். கோண்டாவிலில் கடைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பியபோது வேலிக்கு மேலால் எல்லாத் தலையும் தெரிந்தது. ஊர் என்ன சொல்லும் என்று வாடகை வானை வேண்டாமென்றவன் பின்னால் நடந்து வந்தான்.

நான் கத்தவில்லை. அக்கா கத்துவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அது எனக்கு ஆறுதலாக இருந்தது. நடந்ததை எழுதச் சொன்னால் இதையும் எழுதத்தான் வேண்டும்.

வீட்டுக்குள் படுக்க வைத்த உடனே அக்கா கேட்டது தண்ணீர் இல்லை.

"ஆர் இவ்வளவு தளர்த்தச் சொன்னது?"

அக்காவின் மகன் என்னைப் பார்த்தான். கூட்டாளி என்னைப் பார்த்தான். மருமகளும்.

"உவதான்" என்றான் அவன். "நோகுது நோகுது எண்டு மரை முடியுமட்டும் தளர்த்த வைச்சவ. கியர் விழுறதே தெரியாத நேரத்திலையும் நோகுது எண்டவ. கேளுங்கோ இவனிட்டை."

"ஓம்" என்றான் கூட்டாளி. "வீடியோவும் இருக்கு."

"எடியே, உனக்கு நான் நல்லாக் காலை நீட்டிப் படுக்கிறது பொறுக்கேல்லை என்ன?" என்றாள் அக்கா. "என்ரை சோத்தைத் திண்டு, என்ரை பிள்ளையின்ரை வானை எரிச்சிருக்கிறாய்."

நான் விழுந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். எல்லோரும் ஒரேயடியாக என்னைப் பார்த்தார்கள். அடுப்பில் ஏதோ கிடக்கிறது என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை.

அக்காவின் இடுப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. வைத்த இரும்பு நல்ல இரும்பு. கொஞ்ச நாளில் தடி பிடித்து நடக்கத் தொடங்கினாள். எனக்குப் புக்கை கட்டினால் போதும் என்று மருமகள் சொல்லி, இலையும் எண்ணெயும் வதக்கிக் கட்டிவிட்டாள். அதையும் நோகிற இடத்தை விட்டு அதற்கு மேலே கட்டினாள். சின்ன மாமிக்கு நாரி எது முதுகு எது என்றே தெரியாது என்றாள். நான் குனிந்தபடியே கோழிக்குத் தவிடு வைத்தேன், குனிந்தபடியே முற்றம் கூட்டினேன். கூட்டுவதற்கு வசதியாகப் போய்விட்டது என்று அக்கா சொன்னாள்.

சத்தியத்தைப் பற்றி ஒருநாள் கேட்டேன். தனியாக நின்றபோதுதான் கேட்டேன்.

"மோனை, படம் எடுப்பம் எண்டனி."

"முதல்லை வானின்ரை படத்தை முடிப்பம் ஆசையம்மா. கியர்ப்பெட்டி முழுக்க இறங்கிக் கிடக்கு. ஆராலை எண்டு தெரியும்தானே."

வான் திரும்பி வந்தது. புதுத் தட்டு, அதே கடும் ஸ்பிரிங், இறுக்கின கேபிள். முந்தியதைவிட உதைத்தது. இனி ஒருத்தருக்காகவும் தளர்த்த மாட்டேன் என்று சந்திக் கடையில் சொன்னானாம்.

அக்காவைத் திரும்பக் காட்டுகிற நாளில் துணைக்கு நானும் போனேன். அக்காவை முன்சீற்றில் தலையணை வைத்து இருத்தி, முட்டையை உருட்டுகிற மாதிரி உருட்டிக்கொண்டு போனான். அவளைப் பார்த்த டொக்டர் இளம் பிள்ளை. அக்காவின் படத்தைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிட்டுக் கதவடியில் நின்ற என்னைக் கண்டார்.

"இந்த அம்மாவுக்கு என்ன? எப்ப இருந்து இப்பிடிக் குனிஞ்சு நிக்கிறா?"

"அவ எப்பவும் அப்பிடித்தான்" என்றாள் அக்கா.

டொக்டர் அதைக் காதில் எடுக்கவில்லை. துண்டு எழுதிக் கொடுத்து என்னையும் படம் எடுக்க அனுப்பினார். நான் கேட்காமலே, சத்தியம் செய்தவன் செய்யாமலே, படம் எடுபட்டது. திரும்பி வந்து முன்னால் இருந்தோம். அவர் படத்தை வெளிச்சத்தில் காட்டினார். அடுக்கி வைத்த சின்ன ஓலைக் கொட்டப்பெட்டிகள் மாதிரி எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று இருந்தன. அதில் ஒன்றை யாரோ மிதித்துவிட்டது போலச் சப்பையாகக் கிடந்தது.

"இது அமுங்கிப்போச்சு அம்மா. எங்கையாவது விழுந்தனீங்களோ? குந்தினபடி விழுந்தனீங்களோ?"

அறைக்குள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். டொக்டர், தாதி, அக்கா, அவன். ஆனால் அந்த நாளில் நான் வாய் திறந்தேன்.

"கேபிள் இறுக்கமா இருந்தது ஐயா" என்றேன்.

"என்ன?"

"ரெண்டாம் கியர் விழேக்கை. சேலையை இழுக்க எழும்பினனான். கேபிள் அப்ப தளர்த்தேல்லை. பிறகுதான் தளர்த்தினவை."

டொக்டர் அவனைப் பார்த்தார். அவன் சிரித்தான். சத்தமாக இல்லை, பெரிய ஆட்களுக்கு முன்னால் சிரிக்கிற மாதிரி.

"மறதி ஐயா. என்ரை வானின்ரை கதையையும் தன்ரை நாரியையும் ஒண்டாக்கிப்போட்டா. வீட்டிலையும் உப்பிடித்தான், பாலை அடுப்பிலை வைச்சிட்டு மறந்துபோவா."

"வயசுபோன எலும்பு தம்பி" என்றாள் அக்கா. "தானா உளுத்திருக்கும்."

தாதியும் சிரித்தாள். டொக்டர் சிரிக்கவில்லை. ஆனால் வெளியே வரிசையில் சனம் நின்றது. குளிசை எழுதினார். பாரம் தூக்கக் கூடாது, கிணற்றில் அள்ளக் கூடாது, அமுங்கிய எலும்பு இனி நிமிராது என்று சொன்னார். துண்டில் இங்கிலீசில் எழுதியதை வாசித்துச் சொல்லும்படி வெளியே ஒரு பிள்ளையிடம் கேட்டேன். வயதினால் வந்தது என்று எழுதியிருந்ததாம்.

திரும்பி வரும்போது அக்கா முன்சீற்றில் கண்ணை மூடியிருந்தாள். திருநெல்வேலி தாண்டியதும் வீதி வெளித்தது. அவன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.

"நோகுதோ ஆசையம்மா?"

"இல்லை" என்றேன்.

மிதித்தான்.

இப்போது நான் நிலத்தைப் பார்த்துத்தான் நடக்கிறேன். ஒழுங்கையில் போகிறவர்களைச் செருப்பை வைத்துத்தான் அடையாளம் தெரியும். அக்காவுக்குக் குளிக்க இன்னும் நான்தான் அள்ளி வைக்கிறேன். அந்தக் கூட்டாளி என் செருப்புக்கு முன்னால் வந்து நின்றால் "என்ன மீற்றர் ஆச்சி, சுகமோ?" என்று கேட்பான். ஓம் என்பேன்.

இதை அச்சில் போடுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கியர் வேலை தெரிந்த ஒருவரிடம் காட்டி, கேபிளை இறுக்கினால் உதைக்கும், தளர்த்தினால் வழுக்கி எரியும் என்று நான் எழுதியிருப்பது சரியா என்று கேட்டுத் திருத்திவிடுங்கள். மாறி எழுதியிருந்தால் எல்லாமே மாறிப்போகும். மற்றது அந்த வீடியோ. என்னிடம் போன் இல்லை. அது எத்தனையோ பேருக்குப் போனது, சிரித்தவர்கள் யாராவது இன்னும் வைத்திருப்பார்கள். அதை எடுத்து ஒருதரம் பொறுமையாகப் பாருங்கள். வான் உதைப்பது முதலா, நான் கத்துவது முதலா? நான் விழுகிற இடத்தில் அந்த இரும்புத் தண்டு தெரிகிறதா? அவன் மிதிப்பதற்கு முன் கண்ணாடியைப் பார்த்தானா? எனக்கு அப்படித்தான் ஞாபகம். ஆனாலும் யாராவது பார்த்துச் சொன்னால் நல்லது.